வேலியில் கட்டிய நீல நாடா

டன்லாரிக் கோட்டைக்கு மருமகளாக வருகிறவளுக்கு நகை நட்டு எதுவும் கிடைக்காது. இருந்ததெல்லாம் எந்தக் காலத்திலோ கூரை ஒழுக்கை அடைக்கப் போய்விட்டது. கிடைப்பது ஒரு சாவி. கோட்டைக்குத் தெற்கே, மதிலுக்குள் இருக்கும் தோட்டத்தின் சாவி. அது கைக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தை அவள் தன் மனம்போல அழிக்கலாம், ஆக்கலாம், கணவன் அதில் வாய் திறக்கக் கூடாது. நிபந்தனை ஒன்றுதான். சாவியைக் கொடுக்கும் மாமியார் அன்று காலை ஒரு நீல நாடாவை எடுத்துப்போய்த் தோட்டத்தில் ஏதாவது ஒன்றில் கட்டுவாள். கட்டியதைக் கத்தரிக்கலாம், நீர் ஊற்றலாம். வேரில் மட்டும் கை வைக்கக் கூடாது, கட்டியவள் மண்ணுக்குள் போன பிறகும் கூட.

அதனால் டன்லாரிக் தோட்டத்தின் கதை தெரிய வேண்டுமானால் ஒரு சுற்று நடந்தாலே போதும். வடக்கு மூலையில் தேவாலயத்தைவிடப் பெரிதாக நிற்கும் யூ மரம் லேடி மார்ஜரி விட்டுப்போனது. அவள் காலத்தில் எல்லாரும் பிரான்சைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டார்கள். நூல் பிடித்த பாத்திகள், கூம்பாகக் கத்தரித்த மரங்கள், நட்டநடுவில் ஒரு கல்தொட்டி. பின்னால் வந்த லேடி ஆனாவுக்கு நேர்க்கோடு என்றாலே ஆகாது. தென்புற மதிலை இடித்து, பாத்திகளைத் தரைமட்டமாக்கி, கோட்டை வாசல் வரைக்கும் புல்லை வளர்த்துவிட்டாள். ஆடுகள் ஜன்னல் வழியாகத் தெரிய வேண்டும், ஆனால் உள்ளே வரக் கூடாது என்பதற்காகப் பள்ளத்துக்குள் ஒளித்து ஒரு சுவர் கட்டினாள். அந்தப் பள்ளச் சுவரில்தான் அவள் நாடா. அப்புறம் வந்த சார்லட், மதிலைத் திரும்பக் கட்டி, கண்ணாடி வீடு எழுப்பி, சிவப்பு ஜெரேனியத்தைக் கம்பளம்போல் விரித்தாள். அவள் விட்டுப்போனது ஒரு முள் மரம், குரங்கே ஏறத் திணறும் என்று பெயர் வாங்கியது. இடையில் வந்த ஓரிருவர் மாமியாருக்குப் பயந்து ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்தாமல் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் கிரிசல். யுத்தம் வந்தது. ஜெரேனியம் முழுவதையும் பிடுங்கிப் போட்டு உருளைக்கிழங்கு நட்டாள். யுத்தம் முடிந்தது, ஆனால் அவள் கிழங்கு நடுவதை நிறுத்தவில்லை. மருமகள் வந்து சாவி மாறிய அன்று அவள் நாடாவைக் கட்டியது தோட்டத்தின் சரியான நடுமையத்தில், யானைக் காதுபோல இலை விரித்து நின்ற ஒரு ரூபார்ப் புதரில்.

அந்த மருமகள்தான் எஃபி. லேடி யூஃபீமியா என்பது காகிதத்தில். அப்போது அவளுக்கு வயது இருபத்துநான்கு. வாசலிலிருந்து கடைசி மதில் வரை அம்புபோல ஒரு நடைபாதை போட வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் மோதிரத்தையே மாட்டிக்கொண்டாள். பாதை போக வேண்டிய இடத்தில், சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்கிற புளிப்புச் சிவப்புத் தண்டும் விஷ இலையுமாக, இந்தச் சனியன்.

"இதைப் போயா?" என்று கேட்டாள் எஃபி. "மரம் இருக்கு, சுவர் இருக்கு. இதைப் போயா கட்டினீங்க?"

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள் கிரிசல். "உனக்குத்தான் வேண்டியிருக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எஃபி அவள் முதுகைப் பார்த்து, "பழிகாரக் கிழவி," என்று முணுமுணுத்தாள். கிரிசல் திரும்பிப் பார்க்கவில்லை. காது மந்தம் என்று எஃபி அன்று நினைத்துக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எஃபி மறைத்துக் காட்டினாள். பாதையை ரூபார்புக்கு முன்னாலேயே வளைத்தாள். வளைவில் பாக்ஸ் என்னும் பசுமை மாறாத செடியால் முழங்கால் உயர வேலி வைத்தாள். வேலிக்குப் பின்னால் வெள்ளை ரோஜா, வெள்ளை லில்லி, வெள்ளை ஃபாக்ஸ்கிளவ். ஒரு வளைவு வந்ததும் அதற்குத் துணையாக இன்னொரு வளைவு தேவைப்பட்டது, அதற்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு வாசல். கடைசியில் வேலிகள் ஆளுயரம் வளர்ந்து, தோட்டம் பச்சைச் சுவர் வைத்த அறைகளாகப் பிரிந்து நின்றது. ஒரு அறையில் நின்றால் அடுத்ததில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இங்கிலாந்திலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து வந்து பார்த்தார்கள். "இந்த வளைவு எப்படிம்மா தோணிச்சு?" என்று கேட்பார்கள். "சும்மா, மனசுல வந்தது," என்பாள் எஃபி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் ஆர்ச்சி போய்ச் சேர்ந்து, அவள் வாசலருகே இருக்கும் சிறிய வீட்டுக்குக் குடிமாறிவிட்டாள். மகன் லாக்லன் நாற்பதை எட்டும் வயதில் ஒருவழியாகக் கல்யாணம் செய்துகொண்டான். வந்தவள் மோர்வென், டண்டி நகரத்தில் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகள், வெள்ளத் தடுப்புப் பொறியாளர். கிறிஸ்துமஸ் விருந்தில் அவள் லாக்லனிடம் தணிந்த குரலில் சொன்னது மேசையின் மறுமுனைவரை கேட்டது.

"உங்கம்மா தோட்டம் ரொம்ப அழகு. ஆனா அது தண்ணி போக வழியில்லாத தொட்டி, லாக்லன். கீழ்ப்பாதி வருஷத்துல பாதி நாள் ஊறிக்கிட்டே கிடக்குது. மேல் மதிலுக்கு வெளிய ஓடற ஓடையை உள்ள கொண்டுவந்து, நேரா ஒரு வாய்க்கால் வெட்டி, கீழ ஒரு குளம் விட்டா எல்லாம் சரியாயிடும்."

எஃபி அன்று புட்டிங்கைத் தொடவில்லை. நேராக ஒரு வாய்க்கால் என்றால் அவளுடைய அறைகள் அத்தனையும் போச்சு. வாழ்நாளின் உழைப்பு. பிள்ளையை வளர்த்ததைவிட அதிகப் பாடுபட்டு வளர்த்தது. லாக்லனைக் கேட்டால் அவனே ஒப்புக்கொள்வான்.

சும்மா விட்டுக்கொடுக்கிற ஆளில்லை எஃபி. நாடா கட்டும் நாள் என்றைக்காவது வரும் என்று தெரிந்தே, பல வருஷங்களாக அவளும் தோட்டக்காரர் ஸ்ட்ராக்கனும் ஒரு காரியம் செய்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு வேலியின் நுனியையும் அடுத்த வேலியோடு சேர்த்துவிட்டார்கள். வாசல்களில் மனிதர் தாண்டிப் போக வேண்டுமே என்பதற்காக, அங்கே மட்டும் கணுக்கால் உயரத்துக்குச் செடியைக் கத்தரித்துப் படிபோல விட்டார்கள். பாதிரியார் ஒருமுறை அதில் தடுக்கி லில்லிப் பாத்திக்குள் குப்புற விழுந்தார். "இது பழைய டச்சுப் பாணி, ஃபாதர்," என்று எஃபி அவரைத் தூக்கிவிட்டாள். அப்படி ஒரு பாணி ஹாலந்தில் எவருக்கும் தெரியாது. இருந்தாலும் அக்கம்பக்கத்துக் கோட்டைகளில் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தங்கள் வாசல்களிலும் நட்டுக்கொண்டார்கள்.

நாடா கட்டுவதற்கு முந்தின நாள் இருவரும் ஒரு சுற்று வந்தார்கள்.

"எங்கயாவது விட்டுப்போயிருக்கா, ஸ்ட்ராக்கன்?"

"ஒரு முயல் இந்த வேலி மேல ஏறிச்சுன்னா, காலைக் கீழ வைக்காமலே தோட்டம் பூரா சுத்தி வந்துடும், லேடி. ரூபார்புக்குப் பின்னாடி இருக்கிற மூலை மட்டும் சேரலை. அந்த இலைக்கு அடியில எதை வெச்சாலும் செத்துப்போகுது."

"போகட்டும். ஒரு மூலைதானே? பிச்சை போட்டதா இருக்கட்டும்."

"அப்புறம் அந்தப் பேரி மரம்…"

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்ல, இத்தனை வருஷமா கேட்கிறேன். ஒரு தடவையாச்சும் ஒரு நல்ல காய் காய்ச்சிருக்கா? மான்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடுது."

லாக்லன் பிறந்த வருஷம் எஃபி நட்ட மரம் அது. கோணலாக வளர்ந்து, கல் மாதிரிக் காய்த்து, கீழ் அறையின் நடுவில் நின்றது. "லாக்லன் மாதிரியேதான்," என்றாள் எஃபி. "பார்க்க லட்சணமா இருக்கும், காரியத்துக்கு ஆகாது. விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்."

மே மாதத்து முதல் ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும், வழக்கப்படி எல்லாரும் தோட்ட வாசலில் கூடினார்கள். பாதிரியார், ஸ்ட்ராக்கன், தேநீர் கொண்டுவந்த திருமதி பெட்ரி, கையைப் பிசைந்துகொண்டு லாக்லன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதற்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது. மோர்வென் சேறு படிந்த பூட்ஸோடு வந்து நின்றாள்.

எஃபி முதல் வாசலிலேயே குனிந்து, கணுக்கால் உயர வேலியில் நீல நாடாவைக் கட்டினாள்.

"இந்த வேலி," என்றாள்.

"இந்தத் துண்டா?" என்றார் பாதிரியார், அதன்மேல் அவருக்கு இருந்த பழைய பகையோடு.

"வேலின்னு சொன்னேன், ஃபாதர். எங்க ஆரம்பிக்குதோ அங்கேருந்து எங்க முடியுதோ அதுவரைக்கும். நடந்து பார்த்துக்கோங்க."

மோர்வென் நடந்து பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, இலைகளை விலக்கி, நுனி நுனியோடு சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி அறையிலிருந்து திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று எஃபி எதிர்பார்த்தாள். அது இல்லாதது ஒரு சின்ன ஏமாற்றம்தான்.

"நல்லா முடிச்சுப் போட்டிருக்கீங்க, எஃபி," என்றாள் மோர்வென். "எத்தனை வருஷ வேலை?"

"பொறுமை இருந்தா வருஷம் பெரிசில்ல, பொண்ணே."

"எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. கரையை ஒரே நீளமா கட்ட மாட்டோம். துண்டு துண்டாத்தான் கட்டுவோம். ஒண்ணு உடைஞ்சா மத்தது நிக்கும் பாருங்க."

"இது கரை இல்லை. தோட்டம்."

"சரி. ரூபார்புக்குப் பின்னாடி இருக்கிற மூலை சேரலையே, அது எனக்குத்தானே?"

"தாராளமா எடுத்துக்கோ."

சாவியைக் கொடுத்துவிட்டு எஃபி வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை விஸ்கி ஊற்றிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அது தேனாக இறங்கியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இது எஃபிக்கும் தெரியும். குடமே உடையாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் பேச்சே எழாதே என்பது அவள் கணக்கு.

அந்தக் கோடை மழைக்காலமாகிவிட்டது. ஜூன் முழுவதும் பள்ளத்தாக்கின் மேல் மேகம் ஈரக் கம்பளிபோல் கிடந்தது. மோர்வென் வேலை முடிந்து வந்ததும் தன் மூலைக்குப் போய்விடுவாள். ஒரு சமையலறை அளவுக்குத்தான் அந்த இடம். அங்கே கல் நிரப்பி ஒரு வடிகால் வெட்டினாள். அங்கிருந்த பாக்ஸ் செடிகளை நடுவில் கத்தரித்து, காற்று நுழையும்படி செய்தாள். ஸ்ட்ராக்கன் உதவிக்குப் போனபோது, "பூட்ஸைக் கழுவிட்டு வாங்க, உங்க கத்தரியும் வேண்டாம், என்னுடையதே இருக்கு," என்றாளாம். அதைக் கேட்டு எஃபிக்குச் சிரிப்பு வந்தது.

"பெரிய ஆபரேஷன் தியேட்டர்னு நினைப்பு," என்றாள் திருமதி பெட்ரியிடம்.

"சின்ன இடம் கிடைச்சவங்க சுத்தமாத்தான் வெச்சுக்குவாங்க, லேடி," என்றாள் திருமதி பெட்ரி. அவளுக்கு யார் பக்கமும் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

ஜூலையில் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடும் நாள். தர்மக் காரியத்துக்காக நுழைவுச் சீட்டு, ஸ்கோன் ரொட்டி, தேநீர். வேலிகள் கூர்மையாகக் கத்தரித்திருக்க வேண்டும். வானமோ விடுவதாக இல்லை. நனைந்த வேலியில் கத்தரி வைத்தால் வெட்டின இடத்தில் நோய் தொற்றும் என்பது தோட்ட வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். எஃபிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"ரெண்டு நாள் காயட்டும், லேடி," என்றார் ஸ்ட்ராக்கன்.

"ரெண்டு நாள்ல ஜனம் வந்துடும். அந்தப் பொண்ணு முன்னாடி என் வேலி தாடி வளர்த்துக்கிட்டு நிக்கணுமா? வெட்டுங்க."

வெட்டினார். ஒரே கத்தரி, முதல் வாசலில் ஆரம்பித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. திறந்த நாளன்று எல்லாரும் புகழ்ந்தார்கள். எஃபி வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வளைவில் நின்று கை குலுக்கினாள்.

ஆகஸ்ட் பிறந்ததும் முதல் வாசலில் நாடா கட்டிய இடத்தருகே இலைகளில் பழுப்புப் புள்ளி தெரிந்தது. தண்டில் கறுப்புக் கீறல். பாக்ஸ் செடிக்கு வரும் கருகல் நோய் அது. இலைகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, உள்ளே வெறும் குச்சி மிஞ்சும். ஒரு வாரத்தில் அது இரண்டாவது அறைக்குப் போனது. அடுத்த வாரம் வளைவு.

"இப்பவே இந்தப் பகுதியை வேரோட எடுத்து எரிச்சிடணும்," என்றார் ஸ்ட்ராக்கன். "நடுவுல இடைவெளி விட்டாத்தான் மிச்சம் பிழைக்கும்."

"ஒரு வேரை எடுத்தா நாடா போச்சு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும், லேடி. முடிச்சு போட்டதுல எனக்கும் பங்கு உண்டே."

ஒரு செடியின் வேர் வெளியே வந்தால் நாடா கட்டியது அழிந்ததாகக் கணக்கு. அழிந்துவிட்டால் தோட்டம் முழுக்க மோர்வென் கைக்குப் போய்விடும். எடுக்காவிட்டால் நோய் முழுக்கத் தின்றுவிடும். எஃபி எடுக்கவில்லை. மருந்து தெளித்தாள், இலைகளைக் கையால் பொறுக்கினாள், காய்ந்த கொப்புகளை மட்டும் நறுக்கினாள். தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு மாடி ஜன்னலில் நின்று மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். பழுப்பு நிறம் நேற்றிருந்த இடத்தில் இருக்காது. அழுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனாலும் வளைவு உதிர்ந்த அன்று அவள் தேநீர் ஆறி அப்படியே கிடந்தது.

அவள் உண்மையில் எதிர்பார்த்தது மோர்வென் சண்டைக்கு வருவாள் என்று. சாவி அவளிடம் இருக்கிறது. நோயைச் சாக்காக வைத்து, ஆள் கூட்டி வந்து, வேலியைப் பிடுங்கி எறிந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படிச் செய்திருந்தால் எஃபிக்கு வெறுக்க ஒரு ஆள் கிடைத்திருக்கும். மோர்வென் வேலிப் பக்கமே வரவில்லை.

செப்டம்பரில் ஒரு மாலை அவள் எஃபியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கட்டு ரூபார்ப் தண்டு.

"சீசன் முடியப் போகுது. கொஞ்சம் நாராத்தான் இருக்கும்," என்றாள். "உங்களுக்குப் பிடிக்கும்னு லாக்லன் சொன்னான்."

"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் அது தெரியலை. உட்காரு."

மோர்வென் பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எஃபி கெட்டிலை வைத்தாள்.

"என் மூலையில ஒரு இலைகூட உதிரலை," என்றாள் மோர்வென்.

"குத்திக்காட்ட வந்தியா?"

"இல்ல. உங்களைக் கேட்க வந்தேன். நீங்க கட்டினது, நான் தொட மாட்டேன். கடைசிச் செடி வரைக்கும் செத்தாலும் தொட மாட்டேன். ஆனா அதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியலை, எஃபி. லாக்லன் சாப்பிட மாட்டேங்கறான். ஸ்ட்ராக்கன் என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கறார். எல்லாம் உங்க கையில இருக்கு."

"அவுத்தா எல்லாம் உனக்கு."

"அவுத்தா மறுபடி கட்டக் கூடாதுன்னு எங்க இருக்கு? யாரும் செஞ்சதில்லை, அவ்வளவுதான். சாவி என்கிட்ட இருக்கு, நான் சொல்றேன். எடுக்க வேண்டியதை எடுத்துட்டு, அதே நாள்ல வேற ஒண்ணுல கட்டுங்க. ஒண்ணே ஒண்ணுல. ஆனா இந்தத் தடவை முயல் ஓடற மாதிரி வேண்டாம்."

எஃபி அவளை உற்றுப் பார்த்தாள். "முயல் விஷயத்தை ஸ்ட்ராக்கன் சொன்னாரா?"

"அவர் அதை ஊர் பூராவும் சொல்லியிருக்கார். அவருக்கு அது பெருமை."

எஃபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் எழுந்து இருவருக்கும் தேநீர் ஊற்றினாள்.

மறுநாள் காலை மழை இல்லை. எஃபி பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் வாசலில் மண்டியிட்டு, நாடாவைத் தன் கையாலேயே அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மண்வெட்டியையும் முதலில் அவள்தான் வைத்தாள். வேர் கெட்டியாக இருந்தது. இரண்டு இழுப்பில் வந்துவிடும் என்று நினைத்தாள், வரவில்லை. மோர்வென் ஒரு பக்கம் நெம்பினாள், எஃபி ஒரு பக்கம் இழுத்தாள். வந்தபோது இருவரும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குள் நோய் எட்டாத வேலி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை, அந்த வாரம் முழுக்க அதே வேலை. ஸ்ட்ராக்கன் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டுபோய் மதிலுக்கு வெளியே எரித்தார். லாக்லன்கூடக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். ஆச்சரியம், நன்றாகவே வெட்டினான். அறை அறையாகச் சுவர் விழ, தோட்டம் ஒரே வெளியாகத் திறந்துகொண்டே வந்தது. வெட்டவெளியாகிவிடும் என்றுதான் எஃபி பயந்திருந்தாள். ஆனால் மறைப்பு போகப் போக மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அங்கே மார்ஜரியின் யூ, கீழே ஆனாவின் பள்ளச் சுவர், மேற்கே சார்லட்டின் முள் மரம். இத்தனை வருஷமாகத் தன் வேலிகளுக்குப் பின்னால் அவர்களைத்தான் தள்ளி வைத்திருந்திருக்கிறாள். நடுவில் கிரிசலின் ரூபார்ப், இலை பழுத்துச் சரிந்து, அலட்டிக்கொள்ளாமல் நின்றது. அதற்குப் பின்னால் மோர்வெனின் மூலையில் மட்டும் பாக்ஸ் செடி பச்சையாக இருந்தது.

எஃபி அங்கே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளும் ஸ்ட்ராக்கனும் எத்தனையோ முறை அந்த ரூபார்புக்கு அடியில் செடி வைத்து இணைக்கப் பார்த்தார்கள். அந்தச் சனியன் ஒவ்வொன்றையும் கொன்றது. கொன்றதால்தான் இடைவெளி இருந்தது. இடைவெளி இருந்ததால்தான் அந்த மூலை அந்தப் பொண்ணுக்குப் போனது, அவள் கையில் பிழைத்தது. அதுமட்டுமா, அது நடுவில் நின்றிருக்காவிட்டால் அன்று எஃபி அம்புபோல ஒரு பாதை போட்டிருப்பாள். அம்புபோன்ற பாதை எல்லாக் கோட்டையிலும் இருக்கிறது. அதைப் பார்க்க எவரும் பேருந்து பிடித்து வர மாட்டார்கள்.

தன்னுடையது என்று பேர் வாங்கிய அந்த வளைவு உண்மையில் பாதி கிரிசலுடையது. இதை உயிரோடு இருக்கும்போது கிரிசலிடம் சொல்லாமல் விட்டதற்கு எஃபி வருத்தப்பட்டாள். சொல்லியிருந்தால் கிழவி என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், இரண்டு தண்டு ஒடித்துக் கொடுத்திருப்பாள்.

கடைசி வேர் வெளியே வந்த அன்று மோர்வென் முளைக்குச்சிகளும் நூலும் கொண்டுவந்தாள். ரூபார்பை முறைப்படி தொடாமல் விட்டுவிட்டு, அதற்குக் கிழக்கே நாலு அடி தள்ளி, மேல் மதிலிலிருந்து பள்ளச் சுவர் வரைக்கும் வாய்க்காலுக்கு நூல் பிடித்தாள். பிசிறில்லாத நேர்க்கோடு. எங்கே எது குறுக்கே வருகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவைக்கிற பெண். தன் இருபத்துநாலு வயதை அங்கே நூலும் கையுமாகப் பார்ப்பது எஃபிக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பிடித்ததாகவும் இருந்தது.

பாதிரியார், திருமதி பெட்ரி, ஸ்ட்ராக்கன், லாக்லன் எல்லாரும் மறுபடி கூடினார்கள். எஃபி சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தாள்.

"அந்த மூலையில கட்டுங்க, எஃபி," என்றாள் மோர்வென் மெதுவாக. "நீங்க நட்ட வேலியில அதுதான் மிச்சம். என் வாய்க்கால் கோட்டுல அது வரலை. உங்களுக்குன்னே ஒதுக்கி வெச்சேன்."

அது மனதாரச் சொன்ன வார்த்தை. கூட்டம் முழுவதும் அந்த மூலையைத்தான் பார்த்தது. எஃபியும் பார்த்தாள். பச்சையாக, அழகாக, காற்று நுழையும்படி கத்தரித்து நின்றது.

"அதுக்கு நாடா எதுக்கு?" என்றாள். "அதை நீ பார்த்துக்குவே."

நூலை ஒட்டியே கீழ் அறை இருந்த இடத்துக்கு நடந்தாள். நூல் அங்கே கோணல் பேரி மரத்தின் அடிமரத்தை உரசிக்கொண்டு போனது. உரசுவதாவது, மரம் வாய்க்காலின் நட்டநடுவில் நின்றது. மரத்தில் ஸ்ட்ராக்கன் வெட்டுவதற்கு அடையாளமாகச் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டே வைத்திருந்தார். எஃபி அந்தக் குறியின் மேலேயே நாடாவைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

ஸ்ட்ராக்கன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். லாக்லன் சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இந்த மரமா?" என்றாள் மோர்வென். அவள் காதுகள் சிவந்துவிட்டன. "எஃபி, இதுல ஒரு நல்ல காய்கூட வராது. நீங்களே சொல்லியிருக்கீங்க. என் வாய்க்கால் எப்படிப் போகும்? இதைப் போயா கட்டினீங்க?"

அப்பாடா, கோபம் வந்துவிட்டது. மே மாதத்திலிருந்து எஃபி காத்திருந்தது அதற்குத்தான். அதில் வன்மம் கொஞ்சமும் இல்லை என்று சொன்னால் அது பொய். அன்பும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எஃபி மெனக்கெடவில்லை.

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள். "உனக்குத்தான் வேண்டியிருக்கும்."

சொல்லிவிட்டு, போகிற வழியில் ரூபார்பில் மிஞ்சியிருந்த இரண்டு தண்டை ஒடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் முளைக்குச்சியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. அதை ஒரு முழம் தள்ளி அறையும் சத்தமும் கேட்டது. நடுவில், வாய்க்குள்ளேயே, மோர்வெனின் குரல்.

"பழிகாரக் கிழவி."

எஃபிக்கு எழுபது தாண்டினாலும் பாம்புச் செவி. நடையை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். அன்று கிரிசலுக்கும் இதே மாதிரி நன்றாகத்தான் கேட்டிருக்கும் என்பது வாசல் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.